ஆளுக்குப் பாதி

குன்னூரில் பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அலைகிறவர்கள் நிறையப் பேர். நானும் அண்ணனும் சேர்ந்தால் அவர்களில் ஒருவருக்குச் சமம். அவருக்குக் கழுகுக் கண், காது மந்தம். எனக்குப் பாம்புச் செவி; கண்ணாடியில் மூடுபனி படிந்துவிட்டால் சிம்ஸ் பூங்காவுக்கும் மார்க்கெட்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

உடன்பிறந்த அண்ணன் இல்லை. தேயிலை ஃபேக்டரியில் டீ மேக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆயுளில் பாதியை ரோலருக்கும் சிடிசி எந்திரத்துக்கும் நடுவே கழித்தவர். இரைச்சல் காதை மொத்தமாகக் கெடுத்துவிடாது; 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய மேல்ஸ்தாயியில்தான் முதலில் கை வைக்கும். ஆகவே அண்ணி திட்டுவது அவருக்குக் கேட்கும், குருவி கத்துவது கேட்காது. "இந்தக் காட்டுல சத்தமே இல்ல தம்பி, எவ்வளவு நிம்மதி!" என்பார். தலைக்கு மேலே வெள்ளைக்கண்ணிகள் கூட்டமாகக் கச்சேரி நடத்திக்கொண்டிருக்கும்.

எங்களுக்குள் ஒரு ஏற்பாடு. நான் கேட்டுக் கை நீட்ட வேண்டியது, அவர் பார்த்துச் சொல்ல வேண்டியது. லேம்ப்ஸ் ராக் போகிற வழியில் சோலையோரமாக ஒரு கருப்பு ஆரஞ்சு ஈப்பிடிப்பான் கிடைத்தது அப்படித்தான். மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகத்தில் வேறெங்கும் இல்லாத குருவி. பூச்சி ரீங்கரிப்பது போல மெல்லிய குரல். நான் புதரைக் காட்டினேன். முழங்கால் உயரக் கிளையில் அது வாலை ஆட்டுவது வரைக்கும் அவர் ஒப்பித்தார். எனக்குத் தெரிந்தது புதர்.

நீலகிரிச் சிரிப்பான் மட்டும் அவருக்கு நேரடியாகவே கேட்கும். "இது ஒண்ணுதான் என்னை மதிச்சுப் பேசுது" என்பார். 1839-லேயே பறவையியலாளர் ஜெர்டன் விவரித்த பறவை. அதை எந்தப் பேரினத்தில் சேர்ப்பது என்று விஞ்ஞானிகள் மாற்றி மாற்றி யோசித்து, 2017-ல் 'மான்டிசின்க்லா' என்று புதிதாக ஒன்றையே உண்டாக்கினார்கள். "அதைக் கேட்டுத்தான் சிரிக்குது" என்றார் அண்ணன்.

கொழுந்து பறிக்கிற அக்காமாருக்கு எங்களைக் கண்டால் இரக்கம். "என்னங்கய்யா தொலைச்சிட்டீங்க? நாங்களும் தேடுறோம்." அண்ணன் மறைக்கமாட்டார். "ஒரு குருவிம்மா." "வளர்த்ததுங்களா?"

ஒரு நாள் தேயிலைச் செடிக்குள் ஒரு கதிர்க்குருவியைத் துரத்திக்கொண்டிருந்தோம். குளிர்காலத்துக்கு வடக்கேயிருந்து வருகிற கூட்டம். எல்லாம் ஒரே மங்கல் பச்சை. குரலை வைத்துத்தான் பிரித்துச் சொல்ல முடியும். நான் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அண்ணன் பைனாகுலரில் ஒரே ஒரு இலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்த இலைக்குப் பின்னால் கிட்டத்தட்ட ஒரு டன் எடையில் காட்டெருமை நின்றிருந்ததை ரெண்டு பேரும் கவனிக்கவில்லை. அது மூச்சு விட்டது. கீழ்ஸ்தாயி அல்லவா, அண்ணனுக்குத் துல்லியமாகக் கேட்டது. ஃபேக்டரி கேட் வரைக்கும் அவர்தான் முன்னால் ஓடினார்.

எங்கள் நோட்டில் ரெண்டு பத்தி: கண்டது, கேட்டது. சண்டையெல்லாம் ரெண்டாவதில்தான். "கேட்டதெல்லாம் கணக்கா? ரேடியோவுல எம்.எஸ். பாட்டைக் கேட்டவன் எல்லாம் எம்.எஸ்.ஸைப் பார்த்தவனா?" என்பார். பறவைக் கணக்கு வைக்கிற ஈபேர்ட் செயலியில்கூட கேட்ட பறவையைக் கணக்கில் சேர்க்கலாம் என்று போனைத் திறந்து காட்டினேன். "அங்கேயும் உன்னை மாதிரி ஆளுங்கதான் போல" என்று சொல்லிவிட்டார்.

போன உறைபனிக் காலத்தில் ஒரு ராத்திரி தூங்கப் போனவர் எழுந்திருக்கவில்லை.

பதினாறாம் நாள். கொல்லையில் இலை போட்டுச் சோறு வைத்து, எல்லோரும் அண்ணாந்து நிற்கிறோம். காக்கையைக் காணோம். நேரம் போகப் போக ஆளாளுக்கு 'கா... கா...' என்று கூப்பிட்டுப் பார்த்தார்கள். மனசில் என்ன குறையோ என்று ஒரு பெரியவர் ஆரம்பித்தார். அண்ணி என் பக்கம் திரும்பினார். "நீங்கதானே தம்பி கூடவே சுத்துனீங்க? எங்கேயாவது இருக்கான்னு பாருங்க."

எனக்குக் கேட்டது. சில்வர் ஓக் மரங்கள் பக்கம், கரகரவென்று, அண்டங்காக்கை. "வந்துடுச்சு அண்ணி" என்றேன். "எங்கே, எங்கே?" என்று கூட்டமே கேட்டது. பழக்கதோஷத்தில் கையை நீட்டிவிட்டேன். பார்த்துச் சொல்லத்தான் ஆள் இல்லை.

அதற்குள் கூரையிலிருந்து ஒரு குரங்கு இறங்கி, வடையோடு விஷயத்தை முடித்துவிட்டது. பெரியவர் தலையில் கை வைத்துக்கொண்டார். அண்ணி கலங்கவில்லை. "தம்பிக்குக் கேட்டுச்சுல்ல? கேட்டாலே வந்த மாதிரிதான். எல்லாரும் சாப்பிட வாங்க" என்று உள்ளே போய்விட்டார்.

இத்தனை வருஷம் அண்ணனிடம் தோற்றுக்கொண்டே இருந்த வழக்கில், அவர் வீட்டுக் கொல்லையிலேயே எனக்குச் சாதகமாகத் தீர்ப்பு. அப்பீலுக்கு அவர் வரமாட்டார் என்பதால், ஜெயித்த மாதிரியே இல்லை.