மரத்தைத் தொடாத சின்னத் தொரை

வாடா ராசா, பசியாறிட்டியா? மூஞ்சி ஏன் மூணு நாள் மழையில கெடந்த சாக்கு மாதிரி இருக்கு? சைபர்ஜெயாவுலேருந்து மூணு மணி நேரம் காடி ஓட்டிக்கிட்டு பத்து காஜாவுக்கு வந்தது தாத்தாவைப் பார்க்கவா, இல்லை வேலை போயிருமோன்னு அழவா? ரெண்டுக்கும்னா நல்லது. மொதல்ல தே தாரிக் ரெண்டு சொல்லு. எனக்கு சீனி கொறைக்க வேண்டாம், உங்க பாட்டி வீட்டுலதான் இருக்கா.

ஆக, ஏஐன்னு ஒரு மெஷின் வந்து கம்ப்யூட்டர் கோடு எழுதுது. சொன்னா சொன்னபடி எழுதுது. சோறு கேக்கலை, லீவு கேக்கலை, தீபாவளி போனஸ் கேக்கலை. அதானே? அடேய், எங்க தொரைமாருங்க ராத்திரி கனவுல கண்ட தொழிலாளியே அவன்தான்டா. அன்னைக்கே கெடைச்சிருந்தா என் அப்பனை நாகப்பட்டினத்துல கப்பல் ஏத்தியிருக்கவே மாட்டாங்க. நீ இங்க உக்காந்து ரொட்டி சானாய் பிச்சுக்கிட்டும் இருக்க மாட்டே.

போன வாரம் நானும் அந்த மெஷினைச் சோதிச்சுப் பார்த்தேன். உன் தங்கச்சி போனை வாங்கி, பால் மரம் எப்படி வெட்டணும்னு கேட்டேன். கடகடன்னு கொட்டிருச்சு. இடப்பக்கம் ஒசத்தி, வலப்பக்கம் தாழ்த்தி, 30 டிகிரி சாய்வு, மரத்துல பாதிச் சுத்து, ஒரு நாள் விட்டு ஒரு நாள். ஒண்ணுகூடத் தப்பில்லை. எனக்குச் சிரிப்பு தாங்கலை. அப்படியே எங்க சின்னத் தொரைடா! அவரும் கப்பலைவிட்டு எறங்குன மூணாம் நாளே பெரட்டுல நின்னு இதையெல்லாம் ஒப்பிப்பாரு. உளியைக் கையில குடுத்தா மட்டும் திடீர்னு ஆபீஸ்ல வேலை வந்துரும்.

பட்டையில உள்பக்கம் ஒரு மில்லிமீட்டர் மிச்சம் விட்டு வெட்டணும். அதிகமா விட்டா பால் வராது. மயிரிழை ஆழமாப் போனா மரத்துக்குக் காயம். அந்த எடத்துல பட்டை மறுபடி வளர்றப்ப முடிச்சு முடிச்சா வரும், அடுத்த தடவை உளி ஓடாது. விடியாத நேரம், நெத்தி விளக்கு, கொசு. கண்ணு எங்க தெரியும்? மணிக்கட்டுக்குத்தான் தெரியும்.

என்ன முணுமுணுக்கிறே? மெஷின் எழுதுனதை நீங்க பார்த்துச் சரிபண்றீங்களா? ஆமாமா, மதுரையில பொறந்த நம்ம சுந்தர் பிச்சைகூட 2024 அக்டோபர்ல சொன்னாரே, கூகுள்ல எழுதுற புதுக் கோடுல கால்வாசிக்கு மேல மெஷின் எழுதுறது, எஞ்சினியருங்க பார்த்து ஒத்துக்கிட்ட பிறகுதான் உள்ள போகுதுன்னு. அப்ப நீ இனிமே மண்டோர், அடுத்தவன் வேலையை மேய்க்கிறவன். வாழ்த்துக்கள். எங்க மண்டோரும் மரத்துக்கு மரம் நின்னு காயம் எண்ணுவாரு. ஆனா அவரு ஆகாசத்துலேருந்து குதிக்கலை. சின்ன வயசுல உளி புடிச்சுப் பழகுனவரு. எதுல பழகுனாரு? வெட்டிச் சாய்க்கப்போற கெழட்டு மரத்துல. அதை எப்படிக் கொத்துனாலும் தோட்டத்துக்கு நட்டமில்லை. நானும் அப்படித்தான் பழகுனேன். என் மொதல் மரத்தைப் பார்த்துட்டு மண்டோர், பூனை பொறாண்டுச்சான்னு கேட்டாரு.

உங்க ஆபீஸ்ல அந்தக் கெழட்டு மரம், அதான் பழகுறதுக்கான சின்னச் சின்ன வேலை, அத்தனையும் மெஷின் கையில. புதுப் பிள்ளைங்களை எடுக்கிறதில்லைன்னு நீயே சொல்றே. ஸ்ரீ இஸ்கந்தார்ல பெட்ரோனாஸ் யுனிவர்சிட்டிப் பிள்ளைங்க படிச்சு முடிச்சுட்டு எதுல வெட்டிப் பழகும், என் முதுகுலயா? பால் மரமே கன்னு வெச்சு ஆறேழு வருசம் கழிச்சுத்தான் உளி வைக்க விடும். மண்டோர் மட்டும் ஒரே ராத்திரியில மொளைச்சு வந்துருவானா?

இன்னொண்ணு. எங்களுக்கு எத்ரெல்னு ஒரு மருந்து வந்துச்சு. பட்டையில தடவுனா வாளி நெறையும். தொரை பூரிச்சுப் போவாரு, கிராணி ரெண்டு தடவை கணக்குப் போட்டுப் பார்ப்பாரு. அளவு மீறித் தடவுன மரம் ஒரு நாள் வறண்டு நிக்கும். தலைகீழா நின்னாலும் சொட்டுப் பால் வராது. உன் மெஷினும் வாளியை நெறைக்குது, சரி. பட்டை என்ன ஆச்சுன்னு பார்த்தியா? நீதானே சொன்னே, அமெரிக்காவுல மெட்ருன்னு ஒரு கூட்டம் 2025-ல கைதேர்ந்த ஆளுங்க 16 பேரை வெச்சுப் பார்த்துச்சுன்னு. மெஷினோட எழுதுனவனுக்கு 19 விழுக்காடு நேரம் கூடத்தான் புடிச்சுச்சு. அவனுங்களைக் கேட்டா, 20 விழுக்காடு வேகமா முடிச்சோம்னானாம். எங்க லயத்துல ஒருத்தன் பழைய மோட்டார் வாங்குன கதைதான். அரை மணி நேரம் ஒதைச்சுக் கெளப்புவான், கெளம்புனதும் நடந்து போறவனைப் பார்த்துச் சிரிப்பான்.

சிரிக்கிறே. சரி, இப்ப கேளு. என் வேலையைப் பறிச்சது எந்த மெஷின்னு நெனைக்கிறே? பால் வெட்டுற மெஷினை எவனும் கொண்டாரலைடா! மரத்தையே மாத்திட்டானுங்க. கித்தாவைச் சாய்ச்சுட்டு செம்பனை நட்டான். மூணு வருசத்துல காய்க்கும், ஆளும் கொறைச்சலாப் போதும். என் மணிக்கட்டு அப்படியே இருந்துச்சு, மரந்தான் இல்லை. நான் அதுவரைக்கும் பக்கத்து நெரைக்காரன் என்னைவிட எத்தனை லிட்டர் கூட எடுத்தான்னே பார்த்துக்கிட்டு இருந்தேன். நாற்றங்கால்ல என்ன கன்னு எறங்குதுன்னு ஒரு நாளும் எட்டிப் பார்க்கலை. நீயும் மெஷினையே மொறைச்சுக்கிட்டு இருக்கே. உன் தவுக்கே என்ன கன்னு வாங்குறான்னு பார்த்தியா?

நீ ஏர்கான்ல உக்காந்திருக்கியே, அந்தப் பக்கமெல்லாம் என்னன்னு தெரியுமா? தோட்டம்டா. பக்கத்துல புத்ராஜெயா நிக்கிறது பிராங் புசார் தோட்டத்து மேல. தொண்ணூறுகள்ல ஜனத்தை டிங்கில் அடுக்குமாடிக்கு ஏத்திட்டு, மண்ணுல பட்டணம் நட்டாங்க. செம்பனைக்கு அடுத்த நடவு நீதான் ராசா. உனக்கு அடுத்து என்ன நடுவாங்களோ!

மெஷினுக்கும் ரொம்ப ஆட்டம் வேண்டாம்னு சொல்லு. தஞ்சோங் துவாலாங் ரோட்டுல நிக்குதே ஈயக்கப்பல், 1938-ல கட்டுனது, 4,500 டன். தன் குட்டையைத் தானே தோண்டி அதுலயே மெதந்துக்கிட்டுப் போகும். டூலாங் தட்டுல ஈயம் அலசுன பொம்பளைங்க அதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாங்க. 1982-ல அதுவும் நின்னுருச்சு. மூணு வருசத்துல ஈய விலையே விழுந்து, ஈப்போ ஓஞ்சு போச்சு. இப்ப அது வேலையும் இல்லாம பென்ஷனும் இல்லாம, டிக்கெட் வாங்கி வர்றவனுக்குப் படம் புடிக்க நிக்குது. கெல்லி தொரை கோட்டை தேவலை. 1926-ல அவரு லிஸ்பன்ல கண்ணை மூடிட்டாரு, வீடு பாதியில நின்னுச்சு. முடிக்காத ப்ராஜெக்டுக்கு நூறு வருசமாகியும் கூட்டம் வருது பாரு. உன் மேனேஜர்கிட்ட இதைச் சொல்லிப் பாரேன்.

வீட்டுக்குப் பின்னால இன்னும் மூணு கித்தா மரம் நிக்குது, எவனும் வெட்டுறதில்லை. நாளைக்கு நாலரைக்கு எழுந்திரு, உளி புடிக்கக் கத்துத் தரேன். பயப்படாதே, மூணும் கெழடு.

என்ன, கல்லாவுல நிக்கிறவரு என்னைப் பார்க்கிறாரு? தே தாரிக்குக்கு நீதான்டா காசு குடுக்கணும். இன்னைக்குத் தேதிக்கு நம்ம ரெண்டு பேருல வேலையில இருக்கிறவன் நீதானே.