கரைவலை போட்ட பேராண்டி

வாடா பேராண்டி. மூஞ்சி இன்னாடா, ஏலத்துல விலை போகாத கவலை மீன் மாதிரி தொங்குது? இன்டர்வியூவுக்குக் கூப்பிட்ட மெயிலக் காணோமா? நம்ம பிள்ளைச்சாவடியில கடலு கரையத் தின்னுச்சு, கல்லக் கொட்டிப் பாத்தோம். உன் இன்பாக்ஸையும் அதுவே தின்னுடுச்சோன்னு பயந்துட்டேன். பாத்தா, தின்னது நீ வெச்ச செட்டிங்கு!

ஊர்லயே இன்ஜினியரிங் காலேஜு. இப்போ தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்னு போர்டே மாத்திட்டாங்க. இந்த மெயில் செட்டிங்கப் பத்தி வாத்தியாருங்க சொல்லித்தான் இருப்பாங்க. நீ அன்னிக்கு ஈசிஆர்ல பைக்கு ஓட்டப் போயிருப்ப.

மெயில் படிக்கிற தண்டர்பேர்டு ஆப்புல கணக்கு சேக்கும்போது, மெயில எடுக்கற வழி பாப்பா (POP), ஐமேப்பான்னு (IMAP) கேட்டிருக்கும். பேரு சின்னதா இருக்குன்னு பாப்ப அமுக்கிட்ட. பாப்பு கரைவலைடா. இழுத்தா அம்புட்டும் உன் கரைக்கு வந்துடும். சர்வர்ல ஒரு நகல் விட்டுவைன்னு ஒரு டிக் இருந்திருக்குமே, அதையும் எடம் அடைக்குதுன்னு நீயே எடுத்துட்ட. அப்புறம் லேப்டாப்ப ஃபார்மேட் அடிச்ச. மெயிலு எங்கடா இருக்கும், என் மடியிலயா?

1984-ல பாப்ப உண்டாக்கினவங்கள ஏசாத. லைன் கிடைச்ச நேரத்துல மெயில இறக்கிக்கிட்டு, லைன வெட்டிட்டு, ஆற அமரப் படிக்கிறதுக்கு அது தோதா இருந்துச்சு. உன்கிட்ட கையில போனு ஒண்ணு, பையில லேப்டாப்பு ஒண்ணு. உனக்கு ஐமேப்புதான். 1986-ல மார்க் கிரிஸ்பின்னு ஒரு அமெரிக்காக்காரரு ஸ்டான்ஃபோர்டுல எழுதினது. மீனு ஐஸ் பெட்டியிலயே கெடக்கும், நீ எந்தப் பக்கத்துலேந்து மூடியத் தூக்கினாலும் அதே மீனு. போன்ல படிச்சா லேப்டாப்லயும் படிச்சதாவே நிக்கும். ஆனா ஒண்ணு, போன்ல அழிச்சா லேப்டாப்லயும் போயிடும். கைய அடக்கி வை.

ஐமேப்புக்கு போர்ட்டு 993, பக்கத்துல எஸ்எஸ்எல்/டிஎல்எஸ். பாப்புக்குன்னா 995. 143, 110 எல்லாம் பழைய வாசல். பூட்டு போடாம அந்த வழியா விட்டா உன் பாஸ்வேர்டு அம்மணமாத்தான் போகும். எஸ்எம்டிபி போற மெயிலுக்கு. வர்ற மெயிலு வரலன்னா அத நோண்டாத. இன்னாது, மெயில் வந்துச்சான்னு நிமிஷத்துக்கு ஒருதரம் பாக்கச் சொல்லி வெச்சிருக்கியா? அம்புட்டு மெயிலு உனக்கு யாருடா போடறா? பத்து நிமிஷம் போதும்.

எட்டாங்கிளாஸ் கெழவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னு முழிக்காத. பாரிசுலேந்து உன் பெரியப்பன் அனுப்பின கல்யாண போட்டோ மொத்தத்தையும் இதே பாப்பு முழுங்கித்தான் எனக்குப் பாடம் ஆச்சு. உங்க ஆயா இன்னும் ஏசிக்கிட்டுதான் இருக்கா.

சரி, எழுந்திரு. அந்தக் கம்பெனிக்குப் போன் போட்டு, லெட்டர இன்னொருதரம் அனுப்பச் சொல்லு. மெயில்ல கேட்டுத் தொலையாத. பதில் எந்தக் கரையில ஒதுங்கும்னு உனக்கே தெரியாது.