கடலோரத்தில் கல்லாப்பெட்டி

கேள்வி: ஓய்வூதியப் பணம் கைக்கு வந்திருக்கிறது. மாமல்லபுரத்தில் ஓடிக்கொண்டிருக்கும் ஓட்டல் ஒன்று விலைக்கு வருகிறது. வாங்கலாமா?
– ஒரு வாசகர், அணுபுரம்

பதில்: விற்பவர் உங்களுக்குக் காட்டுவது டிசம்பர், ஜனவரி பில் புத்தகமாக இருக்கும். நாட்டிய விழா, வெள்ளைக்காரர் கூட்டம், ஐயப்ப பக்தர் பஸ் எல்லாம் சேர்ந்த கணக்கு அது. நீங்கள் ஜூலை மாதத்துப் புத்தகத்தைக் கேளுங்கள். அவருக்கு உடனே ஒரு போன் வரும்! உங்கள் ஊர்ப் பக்கத்து அணு உலைக்குக்கூட பராமரிப்பு நிறுத்தம் உண்டு சார், கூட்டமில்லாத மாதத்தில் கடை வாடகைக்குக் கிடையாது.

அடுக்களைக்குள் போய் ஃப்ரிட்ஜின் பின்பக்கத்தையும் புகைபோக்கியின் போல்ட்டையும் விரலால் சுரண்டிப் பாருங்கள். உப்புக்காற்று உங்களுக்கு முன்பே அட்வான்ஸ் கொடுத்திருக்கும். உணவுப் பாதுகாப்பு உரிமத்தை உங்கள் பெயரில் புதிதாக எடுக்க வேண்டும். மாடி கட்டும் ஆசை இருந்தால், 2010 சட்டத் திருத்தப்படி தொல்லியல் சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதுக்கட்டடம் கூடாது. அடுத்த 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும். அந்த ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் பல்லவர் நிற்கிறார்.

முக்கியமாக, மாஸ்டர் கடையோடு வருகிறாரா, பழைய முதலாளியோடு போகிறாரா? அவர் போகிறார் என்றால் நீங்கள் வாங்குவது வெறும் மேஜை நாற்காலி. அதற்கு அந்த விலை அதிகம்.