கேர் ஆஃப் அண்ணாச்சி கடை

எண்பதுகளில் புதுச்சேரி மூலக்குளத்தில் எங்கள் மனைப்பிரிவு முழுவதற்கும் சேர்த்து ஒரே முகவரிதான். விழுப்புரம் சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் வயலாகக் கிடந்ததை மனையாகப் பிரித்துப் போட்டிருந்தார்கள். கல் நட்டிருந்தது, வீடும் கட்டியாகிவிட்டது, கதவு எண் மட்டும் யாருக்கும் வரவில்லை. ஆகவே பெயரை எழுதி, கீழே ‘கேர் ஆஃப் அண்ணாச்சி கடை, மூலக்குளம், ரெட்டியார்பாளையம் அஞ்சல்’ என்று போட்டுவிட்டால் போதும். வேலைக்கான உத்தரவு, கல்யாணப் பத்திரிகை, எல்.ஐ.சி. நோட்டீஸ், பிரான்சிலிருந்து வரும் ஏரோகிராம் எல்லாம் அங்கேதான் இறங்கும். பதினொரு மணி சுமாருக்குத் தபால்காரர் வருவார். சைக்கிளை விட்டு இறங்குகிற வழக்கம் கிடையாது. கடைப்படியில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு கட்டை நீட்டுவார். அண்ணாச்சி வாங்கி, பற்றுச்சீட்டு குத்தி வைக்கிற கம்பியில் அப்படியே குத்திவிடுவார். எங்கள் நகருக்கு வந்த கடிதம் ஒவ்வொன்றிலும் நட்டநடுவில் ஒரு ஓட்டை உண்டு. அந்த ஓட்டை எந்த எழுத்தைத் தின்றிருக்கும் என்று யோசித்துத்தான் பாரிஸ் செய்திகளைப் படிப்போம்.

அண்ணாச்சிக்கு உறையைப் பார்த்தாலே அவசரம் எது என்று தெரிந்துவிடும். இன்லண்டு லெட்டர் என்றால் மூன்று நாள் கம்பியிலேயே தொங்கலாம். ரிஜிஸ்தரோ மணியார்டரோ வந்தால் தெருவில் போகிற பையனைக் கூப்பிட்டு, “டேய், அந்தக் கடைசி வீட்டுல போயி கையெழுத்து போட வரச் சொல்லு” என்பார். தந்தி வந்தால் கல்லாவை மூடிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே வருவார். அவர் அப்படி வருவதைப் பார்த்ததுமே பெண்கள் அழ ஆரம்பித்துவிடுவார்கள்; உள்ளே பேரன் பிறந்த செய்தியாக இருந்தாலும் சரி. சீட்டுக் கம்பெனிக்காரர்களின் அச்சடித்த நோட்டீசுகள் எங்களிடம் வந்து சேர்ந்ததே இல்லை. அவற்றில்தான் கடுகும் சீரகமும் பொட்டலமாகும். முக்கியமான மெயிலைத் தரம் பிரித்துக் காட்டும் வசதியைக் கூகுள் 2010-இல் கொண்டுவந்தது. அண்ணாச்சி அளவுக்கு அது தேறவில்லை என்பது என் அபிப்பிராயம்.

அடுத்த தெருவில் ஒரு சொல்தா இருந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். பிற்பாடு என் மாமனாரானார். 1954 நவம்பர் 1-ஆம் தேதி இங்கே ஆட்சி கைமாறியது. 1962 ஆகஸ்டு 16-இல் சட்டப்படியும் பிரான்சு விலகிக்கொண்டது. பென்ஷன் மட்டும் விலகவில்லை. அதற்கு ஈடாக வருஷம் ஒருமுறை அங்கிருந்து ஒரு காகிதம் வரும்: நீங்கள் உயிரோடுதான் இருக்கிறீர்களா? ஆமாம் என்று அதிகாரி முன்னால் கையெழுத்துப் போட்டு, முத்திரை வாங்கி, திருப்பி அனுப்ப வேண்டும். அது வருகிற மாதம் முழுக்க மனிதர் காலைப்பொழுதை அண்ணாச்சி கடை பெஞ்சில்தான் கழிப்பார். உயிரோடு இருப்பதைச் சொல்ல ஒருவர் அவ்வளவு கவலையோடு காத்திருந்ததை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. 1995 ஆகஸ்டு 15-இல் வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. அது சென்னையைத் தாண்டி எங்களிடம் வந்து சேர்ந்தபோது இந்திரா காந்தி சிலைப் பக்கம் தடுப்புக்குத் தடுப்பு பிரவுசிங் சென்டர் முளைத்திருந்தது. மெயில் பார்ப்பதற்கென்று சட்டை மாற்றிக்கொண்டு டெம்போவில் ஏறிப் போவோம். ஹாட்மெயில் கொடுத்த இடம் 2 எம்.பி. மாதக்கணக்கில் எட்டிப்பார்க்காமல் விட்டால் பெட்டியையே துடைத்துவிடுவார்கள். ஆக, கடிதம் நம்மைத் தேடி வந்த காலம் போய், நாம் காசு கொடுத்துக் கடிதத்தைத் தேடிப்போன காலம் அது. முன்னேற்றம் என்றுதான் அதைச் சொன்னோம்.

இந்த அலைச்சலுக்கு முடிவு கட்டியவன் என் மச்சான். மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு மருந்து கம்பெனியில் இருந்தான். கம்பெனி அவனுக்கு ஒரு பிளாக்பெரி கொடுத்தது. இந்தியாவுக்கு அந்த போன் 2004-இல் ஏர்டெல் வழியாக வந்துவிட்டது. மூலக்குளத்துக்கு வர இன்னும் சில வருஷம் ஆனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு இலைக்குப் பக்கத்தில் அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். மேல் மூலையில் சிவப்பாக ஒரு விளக்கு மின்னியது.

“மாமா, இது புஷ் மெயில். நாம போய்ப் பாக்க வேணாம். அதுவே வந்து சொல்லும்.”

“அதத்தானே அண்ணாச்சி செஞ்சாரு?” என்றேன்.

“அவரு ஞாயித்துக்கிழம செய்ய மாட்டாரே” என்றான் பெருமையாக. அன்றைக்குப் பாயசம் வருவதற்குள் எழுந்து போய்விட்டான்.

விஷயம் இதுதான். பழைய முறையில் போன் கால்மணிக்கொரு தரம் சர்வரிடம் போய், வந்ததா, வந்ததா என்று கேட்டுக்கொண்டிருக்கும். புஷ் முறையில் கேட்பதில்லை. தொடர்பைத் திறந்தே வைத்துக்கொண்டு, வந்தால் சொல் என்று காத்திருக்கும். ஐமேப் என்கிற மெயில் பொதுவிதியிலேயே 1997-இல் இதற்கு ஒரு கட்டளை சேர்த்துவிட்டார்கள். பிளாக்பெரி தன் சொந்த மையங்கள் வழியாகவே எல்லாவற்றையும் தள்ளியது. அதனால்தான் 2011 அக்டோபரில் இங்கிலாந்தில் ஸ்லாவ் என்கிற ஊரில் ஒரு சுவிட்ச் பழுதானபோது ஐரோப்பாவோடு இந்தியாவும் சேர்ந்து முடங்கியது. நிறுவனம் உலகத்திடம் மன்னிப்புக் கேட்டது. எங்கள் வீட்டில் மச்சான், தீபாவளிக்கு முன்னாலேயே தீபாவளி வந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துப்போனான். பழைய பிளாக்பெரிகளுக்கான சேவை 2022 ஜனவரி 4-இல் மொத்தமாக நின்றது. அதற்குள் அந்தச் சிவப்பு விளக்கு பால்காரர் போனில்கூட ஏதாவது ஒரு நிறத்தில் குடியேறிவிட்டது.

இப்போது என் நிலைமைக்கு வருகிறேன். அன்றைக்கு ஒரு முகவரியில் ஒரு நகரே குடியிருந்தது. இன்றைக்கு என் ஒருவன் தலையில் நாலு முகவரி. முதலாவது, ஹாட்மெயில் காலத்தில் எடுத்தது. அதன் நடுவில் ‘பாண்டி’ இருக்கிறது. 2006-இல் அரசாங்கம் ஊருக்குப் பெயரை மாற்றிக்கொண்டது. என்னால் முகவரியை மாற்ற முடியவில்லை, பேங்கிலிருந்து கேஸ் சிலிண்டர் வரை அதில்தான் கட்டிப்போட்டிருக்கிறது. இரண்டாவது, தொழில் முகவரி. பிரெஞ்சுப் படிவங்களை மொழிபெயர்த்து நிரப்பிக் கொடுக்கிறவன் நான்; இந்த ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. மூன்றாவது, குடியிருப்போர் நலச்சங்கச் செயலாளர் என்கிற முறையில் பாஸ்வேர்டோடு சேர்த்து என் கைக்கு வந்தது. நாலாவது என் மாமியாருடையது. மாமனார் போய்ப் பல வருஷமாகிறது. பென்ஷனில் ஒரு பங்கு அத்தைக்கு வருகிறது; அதே கேள்வியும் இப்போது அத்தைக்கு வருகிறது, மெயிலில். தன் பெயரில் ஒரு பெட்டி இருப்பது அத்தைக்குத் தெரியும். அது எங்கே இருக்கிறது என்று கேட்டால் என் சட்டைப் பையைக் காட்டுவார்.

நாலும் ஒரே போனில் வந்து கொட்டுவதில் சிரமமில்லை. திரும்பிப் போவதில்தான் இருக்கிறது. ரிப்ளையை அமுக்கினால், மேலே அனுப்புநர் என்கிற வரியில், பொடி எழுத்தில், சாம்பல் நிறத்தில் ஒரு முகவரி நிற்கும். பெட்டி பெட்டியாகத் தனிக் கணக்காக வைத்திருந்தால், வந்த பெட்டியிலிருந்தே பதில் போகும். பழைய பெட்டிக்கு வருவதைப் புதிய பெட்டிக்குத் திருப்பி விட்டிருந்தால் கதை வேறு. ஜிமெயிலில், ‘எந்த முகவரிக்கு வந்ததோ அதிலிருந்தே பதில்’ என்று ஒரு அமைப்பு இருக்கிறது. அதைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்துதான் மாற்ற முடியும். போன் ஆப்பில் அந்தப் பொத்தானே கிடையாது. அதை மாற்றாமல் விட்டால் பழைய முகவரிக்கு எழுதியவருக்குப் புதிய முகவரியிலிருந்து பதில் போகும். அவர் யாரோ என்று நினைத்து அழித்துவிட்டு, போன் போட்டு, “சார், ஒரு வாரமா பதிலே காணோம்” என்பார். அந்தப் பொடி வரியைப் பார்க்காமல் அனுப்பினால், என் மாமியார் உயிரோடு இருப்பதை மூலக்குளம் குடியிருப்போர் நலச்சங்கம் பிரெஞ்சு அரசாங்கத்துக்கு உறுதிப்படுத்தும். உறுப்பினர்கள் ஆட்சேபிக்க மாட்டார்கள்தான். பொதுக்குழுத் தீர்மானம் எங்கே என்று பிரான்சுக்காரன் கேட்டால்?

எனக்கு முன்பிருந்த செயலாளர் விஷயத்தில் இது நடந்தே இருக்கிறது. அவர் ஒரு பெரிய கம்பெனியில் மண்டல மேலாளர். போனில் அவருடைய ஆபீஸ் முகவரிதான் முதல் இடத்தில் இருந்தது. சாக்கடை அடைப்பு, தெருவிளக்கு, நாய்த்தொல்லை என்று சங்கம் எழுதிய புகார் எல்லாம், அடியில் ஆங்கிலப் பதவியும் கம்பெனி முத்திரையுமாக, ஆபீஸ் முகவரியிலிருந்தே போய்க்கொண்டிருந்தன. யாரும் கவனிக்கவில்லை. சம்பந்தப்பட்ட அலுவலகத்திலிருந்து பதிலும் மறுநாளே வரும். லாரி வரும். ஆடிட்டரான ஒரு உறுப்பினர் கண்டுபிடித்து, இது முறையில்லை என்று எடுத்துச் சொன்ன பிறகு, சங்கத்தின் சொந்த முகவரியிலிருந்து எழுத ஆரம்பித்தோம். சாக்கடை இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

பதில் வாங்குவதில் அந்தக் காலத்தார் வேறு ரகம். தபால் ஆபீசில் இரட்டைக் கார்டு ஒன்று விற்றார்கள். ஒன்றில் நாம் எழுத வேண்டும். ஒட்டிக்கொண்டு போகிற இன்னொன்று, பதில் எழுதுவதற்கு. அதற்கான காசையும் நாமே கட்டியிருப்போம். எழுதுகிறவனே பதிலுக்கும் செலவு செய்தான். இன்று பேங்கிலிருந்து வருகிற மெயிலுக்கு, ‘நோ ரிப்ளை’ என்று தொடங்குகிற முகவரி. மதிப்பிற்குரிய வாடிக்கையாளரே என்று கூப்பிட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிற மரியாதையை அண்ணாச்சி கண்டிருந்தால் கடனுக்குச் சாமான் கொடுத்திருக்க மாட்டார்.

நேரம் இன்னொரு சங்கடம். பாரிஸில் ஆபீஸ் முடிகிற ஐந்து மணி என்பது கோடையில் நமக்கு இரவு எட்டரை, குளிர்காலத்தில் ஒன்பதரை. அங்கே மேசையைக் காலி செய்துவிட்டுப் போகிறவர்கள் கடைசியாகத் தள்ளிவிடுகிற மெயில் எல்லாம், நான் தோசைக்குக் கையை நீட்டுகிற நேரத்தில் வந்து விழும். 2017 ஜனவரி 1 முதல் பிரான்சில் ஒரு சட்டம் இருக்கிறது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற கம்பெனிகள், வேலை நேரம் முடிந்தபின் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் ஊழியரின் உரிமை பற்றித் தொழிற்சங்கத்தோடு பேசியாக வேண்டும். நம் மக்களவையிலும் சுப்ரியா சுலே 2018-இல் இப்படி ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார், சட்டமாகவில்லை. பிரான்சு எங்களுக்கு வீதிப் பெயர்களை விட்டுப்போயிருக்கிறது, போலீஸ்காரருக்குச் சிவப்புத் தொப்பியை விட்டுப்போயிருக்கிறது. இந்தச் சட்டத்தை மட்டும் நாங்கள் விலகிய பிறகு போட்டுக்கொண்டது.

இதில் வேடிக்கை, புஷ் இப்போது சரியாகத் தள்ளுவதும் இல்லை. 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6-இலிருந்து, போன் அசையாமல் கிடந்தால் பேட்டரியை மிச்சம் பிடிக்கத் தூங்கப் போய்விடுகிறது. அதற்கு மேல் போன் கம்பெனிகள் தங்கள் பங்குக்குப் பின்னால் ஓடுகிற ஆப்பை எல்லாம் கழுத்தைத் திருகி வைக்கின்றன. மெயில் இரவு வந்திருக்கும்; காலையில் போனைத் தூக்கினால்தான் மொத்தமாகக் கூவும். இதை ஜனங்கள் அனுபவத்தில் தெரிந்துகொண்டுவிட்டார்கள். ஆகவே மெயில் அனுப்பிவிட்டு, ‘மெயில் அனுப்பியிருக்கேன்’ என்று வாட்ஸ்அப் போடுகிறார்கள். நீலக் குறி விழாவிட்டால் போன் பண்ணுகிறார்கள். “சார், வாட்ஸ்அப் பாத்தீங்களா? மெயில் பாக்கச் சொல்லி போட்டிருந்தேன்.” பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்று சொன்னால், “வேணாம் சார், நானே சொல்லிடறேன்” என்று மெயிலில் இருப்பதை முழுக்க வாய்மொழியாகச் சொல்லி முடித்துவிடுகிறார்கள்.

சென்ற வருஷம் மூன்று பெட்டிகளுக்குப் புஷ்ஷை நிறுத்திவிட்டேன். வேண்டுமென்றால் நானே போய்ப் பார்த்துக்கொள்கிறேன், பிரவுசிங் சென்டர் நாளில் போன மாதிரி. டெம்போ செலவு மிச்சம். மச்சான் ஒப்புக்கொள்ளவில்லை. “அப்ப எதுக்கு மாமா இவ்ளோ பெரிய போனு?” என்கிறான். சங்கத்து உறுப்பினர்களுக்கு நான் நிறுத்தியது தெரியாது, யாரும் குறை சொல்லவும் இல்லை.

புஷ் ஓடுவது அத்தையின் பெட்டிக்கு மட்டும்தான். அதை நிறுத்த எனக்குத் தைரியமில்லை. பேட்டரிக் கட்டுப்பாட்டிலிருந்து அதற்கு மட்டும் விலக்கு, ரிப்ளை முகவரியும் தனியாகப் பூட்டி வைத்தது, மணிச்சத்தமும் தனி. அந்தச் சத்தம் கேட்டால் அத்தை சமையல்கட்டிலிருந்தே குரல் கொடுப்பார்: “மாப்ள, பிரான்சுலேர்ந்து வந்துச்சா?” போன வாரம் அடித்தது. அடுப்பை அணைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, கண்ணாடியும் போட்டுக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். பாஸ்வேர்டை மாற்றி ரொம்ப நாளாகிறது, மாற்றுங்கள் என்று எழுதியிருந்தது. பதில் அனுப்ப வேண்டாம் என்றும் போட்டிருந்தது.