துடைச்சுத் துடைச்சே குறி தப்பினவன்

ஏங்கண்ணு, ஏர்கன் குழலை எத்தனை நாளைக்கு ஒருக்கா துடைக்கணும்னு என்னையா கேக்கற? நீ கேக்கறதுக்கு முன்னாடியே உன் கை பதில் சொல்லிட்டுத்தானே கெடக்குது! முந்தாநேத்து துடைச்ச. நேத்து ராத்திரியும் துடைச்ச. இன்னைக்குச் சோறு கூடத் திங்காம துணியும் கையுமா உக்காந்திருக்க. உன் பாட்டி குத்துவிளக்கையே வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழமைதான் தேய்க்கறா. அந்தத் துப்பாக்கிக்கு வாயிருந்தா, "சேந்தமங்கலத்துல எனக்கு வேற ஊடு பாத்துக் குடுங்க"ன்னு கேக்கும்.

கெழவனுக்கு என்ன தெரியும்னு நெனைக்காத. பலூன் சுடற கடை போட்டுப் பொழச்சவன் நான். புரட்டாசி சனிக்கெழமைன்னா நைனாமலை அடிவாரம். ஆடியில செம்மேட்டுல வல்வில் ஓரி விழா. நடுவுல ஊரூரா மாரியம்மன் நோம்பி. பலகையில வரிசையா பலூனைக் கட்டிட்டு, ரெண்டு ஏர்கன் வெச்சுக்கிட்டு உக்காந்தா, விடிய விடிய யாவாரம் ஓடும். அந்த ரெண்டும் எங்கிட்ட இருந்த வரைக்கும் குழலுக்குள்ள துணின்னு ஒண்ணு போனதே கெடையாது.

சுட்டவங்க பலூன் வெடிக்கலைன்னா என்ன பண்ணுவாங்கன்னு நெனைக்கற? துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பாப்பாங்க. "கொழாய்ல அழுக்கு இருக்குதுங்க"ம்பாங்க. நானும் "ஆமாங்க, இருக்குமுங்க"ம்பேன். அவங்க மானமும் தப்பிச்சுது, அடுத்த பத்து ரவைக்கு என் காசும் வந்துது. குறிமுள்ளு ஒரு நூலு எடதுபக்கமா சாஞ்சிருந்தது எனக்கும் அந்த மாரியாத்தாளுக்கும் மட்டும் தெரிஞ்ச சங்கதி. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். என் கடையில கூடமும் கோணல்தான், அது வேற விசயம். ஆனா அழுக்கு மேல பழி போட்ட அத்தனை பேர்ல, அழுக்கால குறி தப்பினவன் ஒருத்தனையும் நான் பாத்ததில்லை.

இந்தத் துடைக்கற பழக்கம் நமக்கு எங்கிருந்து வந்துதுன்னு சொல்றேன், கேளு. கொல்லிமலை மேல அந்தக் காலத்துல நாட்டுத் துப்பாக்கி வெச்சிருந்தாங்க. குழல் வாய் வழியா கரிமருந்தைக் கொட்டி, கம்பியால இடிச்சு, ரவையைப் போட்டுச் சுடறது. கரிமருந்துங்கறது வெடியுப்பு, கந்தகம், அடுப்புக்கரி மூணும் கலந்தது. அது எரிஞ்சா பாதிக்கு மேல காத்தா மாறாது. பொகையாவும் கசடாவும்தான் நிக்கும். அந்தக் கசடு காத்துல இருக்கற ஈரத்தை உறிஞ்சிக்கும். கொல்லிமலைப் பனியில ஒரு ராத்திரி அப்படியே சாத்தி வெச்சா, விடியறப்ப உள்ளார துரு ஏற ஆரம்பிச்சிரும். அதனால சுட்ட அன்னைக்கே சுடுதண்ணி ஊத்திக் கழுவி, காய வெச்சு, எண்ணெய் போட்டு எடுத்து வெப்பாங்க. "சுட்டியா, துடை"ங்கற பாடம் அந்தத் துப்பாக்கிக்குச் சொன்னது. பாடத்தை மட்டும் நீ வாங்கிக்கிட்ட. துப்பாக்கி மாறிப்போனதைப் பாக்கலை.

அந்தத் துப்பாக்கி இப்ப இருந்தா துடைக்கற வேலையே இல்லை. நேரா கொண்டு போயி ஒப்படைக்கற வேலைதான். உரிமம் இல்லாம வெச்சிருந்தா 1959 ஆயுதச் சட்டத்துல குத்தம். மலையில போலீஸ்காரங்க இதைச் சொல்லிச் சொல்லியே தொண்டை வறண்டு போயிட்டாங்க.

இப்ப உன் ஏர்கன்னுக்கு வா. மடக்கினா உள்ளார ஸ்பிரிங்கு இறுகுது. விசையை அமுத்தினா ஸ்பிரிங்கு பிஸ்டனைத் தள்ளுது, பிஸ்டன் காத்தை நெருக்குது, அந்தக் காத்து ரவையை வெளிய தள்ளுது. இதுல எரியறது எது? ஒண்ணுமில்லை. அப்பறம் கரி எங்கிருந்து வரும்? உள்ளார ஒட்டறது ரவையோட ஈயம் கொஞ்சம், ரவை மேல இருக்கற எண்ணெய்ப்பசை கொஞ்சம், டப்பாவுல கெடந்த தூசி கொஞ்சம். அவ்வளவுதான்.

ஈயம் மிருதுவான உலோகம். குழலுக்குள்ள முறுக்கா வெட்டியிருக்கற வரியில உரசி உரசி மெல்லிசா ஒரு பூச்சு படியும். அந்தப் பூச்சு ஒரு சீரா இருக்கற வரைக்கும் ஒவ்வொரு ரவையும் ஒரே மாதிரி வழுக்கிட்டுப் போகும். நீ ராத்திரியெல்லாம் அதைச் சொரண்டி எடுத்தர்ற. காலையில மொத பத்து இருவது ரவை தெசைக்கு ஒண்ணாப் போகுது. குழல் மறுபடி பழகறதுக்குள்ள, "இன்னும் அழுக்குப் போகலை"ன்னு இன்னொருக்கா துணியை விடற. இப்படியே போனா அந்தக் குழல் சாகற வரைக்கும் புதுசாவே இருக்கும், ஒரு நாளும் பழகாது.

ஒலிம்பிக்ல 1984ல இருந்து பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டி இருக்குது. அதுல நடுப்புள்ளி எத்தச்சோடு தெரியுமா? அரை மில்லிமீட்டர். சுடற ரவையே 4.5 மில்லிமீட்டர். தகுதிச் சுத்துல ஒரு ஆளுக்கு 60 ரவை. நடுவுல நிறுத்திட்டு யாரும் குழல் துடைச்சு நான் டீவியில பாக்கலை. மெட்ராஸ்ல பொறந்த ககன் நாரங் 2012ல லண்டன்ல வெண்கலம் வாங்கினாரு. கடலூர்ல பொறந்த பொண்ணு இளவேனில் வாலறிவன், உலகக் கோப்பையில தங்கம் வாங்கிருக்குது. அவங்க துணி வாங்கின செலவை விட ரவை வாங்கின செலவு எத்தனை மடங்கு இருக்கும்னு யோசிச்சுப் பாரு. உன் கணக்குத்தான் தலைகீழா இருக்குது.

அபினவ் பிந்த்ரா கதையைக் கேட்டுக்க. 2008 ஆகஸ்ட்டு, பெய்ஜிங். கடைசிச் சுத்துக்கு முன்னாடி பழகிப் பாக்கச் சுட்ட ரவை எங்கியோ ஓரத்துக்குப் போயிருச்சுன்னு அவரே பின்னாடி சொல்லியிருக்காரு. நீயா இருந்தா என்ன பண்ணியிருப்ப? துணியைத் தேடியிருப்ப. அந்த மனுசன் குறிமுள்ளு நகந்திருக்குதுன்னு கண்டுபுடிச்சு, அதைத் திருத்திட்டுச் சுட்டாரு. கடைசி ரவைக்கு 10.8. ஒலிம்பிக்ல தனியாளா தங்கம் வாங்கின மொத இந்தியர் ஆயிட்டாரு. என் பலூன் கடைச் சங்கதிதான் அங்கயும். கோளாறு குறிமுள்ளுல. அவரு அதைக் கண்டுபுடிச்சாரு, என் கடைக்கு வந்தவங்க கண்டுபுடிக்கலை. நல்லவேளை, அவரு நைனாமலைப் பக்கம் வரலை.

அப்ப துடைக்கவே வேணாமான்னு குதிக்காத. வேணும். எப்பன்னு சொல்றேன். புதுசா வாங்கினப்ப ஒருக்கா, ஏன்னா துருப்புடிக்காம இருக்கக் கம்பெனியில பூசின மசகு உள்ளார இருக்கும். மழையில நனைஞ்சுதா, மண்ணுல உழுந்துதா, அன்னைக்கே துடை, அதுக்கு யாரையும் கேக்காத. மத்தபடி குழலாப் பாத்துக் கூப்புடற வரைக்கும் காத்திரு. ஐநூறு ரவைக்கு ஒருக்கா, ஆயிரத்துக்கு ஒருக்கான்னு கணக்கு வெச்சிருக்கறவங்களும் உண்டு. வருசக்கணக்கா தொடாதவங்களும் உண்டு. ரெண்டு பேருமே நல்லாத்தான் சுடறாங்க. வேகமான துப்பாக்கியில ஈயம் சீக்கிரமாப் படியும். மெதுவான துப்பாக்கியில மெதுவாப் படியும். தேதி கேட்டா எந்தக் கொம்பனாலயும் சொல்ல முடியாது.

குழல் கூப்புடறது எப்படித் தெரியும்? பத்து மீட்டர்ல காயிதத்தை ஒட்டி, முட்டுக் குடுத்து அசையாம பத்து ரவை சுடு. ஓட்டையெல்லாம் ஒட்டுக்கா இருந்தா அந்தக் காயிதத்தைத் தேதி போட்டு எடுத்து வெய்யி. பொறவு ஒரு நாள் ஓட்டையெல்லாம் செதறிப் போச்சுன்னா, மொதல்ல திருகாணியெல்லாம் இறுக்கமா இருக்குதான்னு பாரு. குறிமுள்ளு ஆடுதான்னு பாரு. ரவை டப்பாவை மாத்தினியான்னு பாரு, வாய் நசுங்கின ரவை நேராப் போகாது. அப்பறம் கண்ணாடியில உன் மூஞ்சியைப் பாரு, ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்கினன்னு அது சொல்லும். இத்தனையும் சரியா இருந்து, அப்பவும் செதறினா, அப்பத் துணியை எடு.

எடுக்கறதுன்னா அந்த இரும்புக் கம்பியை எடுக்காத. கம்பிப் பிரசை அக்கட்டால போடு. ரவை உள்ள இல்லைன்னு மொதல்ல பாத்துக்க. மடக்கற துப்பாக்கின்னா குழலை ஒரு கையால கெட்டியாப் புடிச்சுக்க. அது படக்குனு திரும்பி மூடினா உன் வெரலு உன்னுது இல்லை. புல்லு வெட்டற மெசின்ல போடற நைலான் நரம்பு இருக்குது பாரு, அதை ரவை போடற பக்கமா உட்டு வாய்ப் பக்கமா எடு. நுனியில சுத்தமான பருத்தித் துணியைச் சின்னதாக் கோத்து இழு. வாய்ப் பக்கத்துல இருந்து கம்பியைக் குத்தினா குழல் வாய் ஓரம் தேஞ்சு போகும். ரவை கடைசியா தொட்டுட்டுப் போறது அந்த ஓரத்தைத்தான். அது ஒரு மயிரு அளவு தேஞ்சாலும் குறி கெட்டுப்போகும். துணி ரெண்டு மூணு தடவை போயிட்டு வந்தாப் போதும். வெள்ளை வெளேர்னு வர்ற வரைக்கும் இழுக்க அது என்ன துணி வெளுக்கற வேலையா? முடிச்சுட்டுக் கை கழுவிட்டுச் சோறு தின்னு, ஈயம் வயித்துக்கு ஆகாது.

எண்ணெய்? அங்கதான் நீ பெரிய புத்திசாலி ஆயிட்ட. குழலுக்குள்ள எண்ணெய் ஊத்தினா "டமார்"னு சத்தம் வருது, பொகை வருதுன்னு உன் சேக்காளிங்க கிட்டப் பெருமை பேசினியாமே. நாமக்கல் லாரிப் பட்டறையில எந்தப் பையனைக் கேட்டாலும் சொல்லுவான், டீசல் இஞ்சினுக்குத் தீப்பொறி பிளக்கு கெடையாது, காத்தை நெருக்கற சூட்டுலயே டீசல் பத்திக்கும்னு. உன் ஏர்கன்லயும் பிஸ்டன் காத்தை நெருக்கற சூட்டுல எண்ணெய் பத்திக்குது. வாஷர் கருகும், ஸ்பிரிங்கு ஒடையும். காத்து அடைச்சு வெச்சுச் சுடற பிசிபி துப்பாக்கின்னா இன்னும் ஆபத்து. எண்ணெய்த் துணியை வெளிப்பக்க இரும்புல மட்டும் தடவு. ஐப்பசி மழையிலயும் உன் கை வேர்வையிலயும் துருப்புடிக்கறது வெளிப்பக்கந்தான். ஆயுத பூசையன்னைக்குச் சந்தனம் வெக்கறியா, கட்டையில வெய்யி. குழல் வாயில வெச்சீன்னா சரஸ்வதியே எந்திரிச்சு ஒதுங்கிப் போயிருவா.

இன்னொண்ணும் சொல்லிடறேன். 0.177 அங்குலக் குழல், 20 ஜூலுக்குள்ள சக்தின்னா ஏர்கன்னுக்கு உரிமம் வேணாம்னு 2016 ஆயுத விதி சொல்லுது. துப்பாக்கிக்குத்தான் உரிமம் வேணாம். குருவிக்கு நேரா நீட்டறதுக்கு இல்லை. கடலைக்காட்டை மயிலு கெளறுதுன்னு காரவள்ளிப் பக்கம் ஒருத்தரும் இதைத் தூக்கிக்கிட்டுப் போக முடியாது. 1972 வனவிலங்குச் சட்டம் குறுக்க நிக்குது. ஒரே அம்புல யானை, புலி, மான், காட்டுப்பன்னி, உடும்புன்னு அஞ்சையும் தொளைச்சாருன்னு நம்ம வல்வில் ஓரியை வன்பரணர் புறநானூத்துல பாடி வெச்சிருக்காரு. அதே ஓரி இன்னைக்கு அம்பு உட்டிருந்தா, ஒரே அம்புல அஞ்சு கேசு. செம்மேட்டுல செலை வெக்கறதுக்குப் பதிலா, நாமக்கல் கோர்ட்டுல வாய்தா குடுத்திருப்பாங்க. அருணாசலப் பிரதேசத்துல குருவியெல்லாம் கொறைஞ்சு போச்சுன்னு 2021ல ஏர்கன் ஒப்படைக்கற இயக்கமே ஆரம்பிச்சாங்க. 2,000 துப்பாக்கிக்கு மேல வந்து சேந்துது. குடுத்தவங்க ஒருத்தரும் குழல் அழுக்கா இருக்குதுன்னு குடுக்கலை.

நீ சுடறது காயிதமா இருக்கட்டும். காயிதம் கேசு போடாது. ஆனா பொய்யும் சொல்லாது, அதுதான் உனக்குச் செரமம். குழல் துடைக்கறப்ப நீ தப்பே பண்ண முடியாது. சுடறப்ப ஒவ்வொரு ஓட்டையும் உன் லட்சணத்தைச் சொல்லும். அதுக்குப் பயந்துக்கிட்டுத்தான் ரவையை உட்டுட்டுத் துணியைப் புடிச்சிருக்க. எனக்குத் தெரியாதாக்கும்?

அதனால ஒரு ஏற்பாடு பண்ணியிருக்கேன். துணியும் நரம்பும் இன்னையில இருந்து எங்கிட்ட இருக்கும். செதறின காயிதத்தையும் அதுக்கு முந்தின காயிதத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுக் காட்டு, ஒரு பொழுதுக்குத் தர்றேன். எண்ணெய் பாட்டிலைத் தேடாத. அது நல்லெண்ணெய்தானேன்னு உன் பாட்டி தோசைக்கு எடுத்துட்டுப் போயிட்டா.