அடி அண்ணாமலையும் ஓர் 'ஆம்' விகுதியும்: ஊர்வாய் குறித்த ஆய்வு

1. நோக்கம்

உலைவாயை மூடினாலும் ஊர்வாயை மூட முடியாது என்று பழமொழியே கைவிரித்துவிட்டது. மூட முடியாததை அளந்தாவது பார்ப்போம் என்பதே இவ்வாய்வின் நோக்கம். இது மரபுக்கு மாறானதும் அன்று. தமிழர் வம்பை எந்நாளும் அளந்தே வந்திருக்கிறார்கள்.

2. வகைப்பாடு

முன்னோர் இத்துறையில் நுணுக்கமானவர்கள். காதலர் பற்றி உதட்டளவில் முணுமுணுத்தால் அம்பல்; ஊரறியப் பேசினால் அலர். முன்னது விரியக் காத்திருக்கும் மொட்டு, பின்னது விரிந்த மலர் என்கிறது இறையனார் அகப்பொருள் உரை. வள்ளுவர் புறங்கூறுவோரை 19ஆம் அதிகாரத்தில் கண்டித்துவிட்டு, 115ஆம் அதிகாரத்தில் ஊர்ப்பேச்சு காதலுக்கு எரு என்கிறார். சரக்கு ஒன்றுதான், பேசப்படுபவர் காதலரா அல்லரா என்பதைப் பொறுத்து மதிப்பு மாறுகிறது.

இக்காலச் சரக்கை வினைச்சொல் காட்டிக்கொடுக்கும். வம்பு அளக்கப்படும். புரளி கிளப்பப்படும். வதந்தி பரப்பப்படும். கோள் மூட்டப்படும். கதை கட்டப்படும். கிசுகிசு அச்சேறும். எவரும் கோளைக் கிளப்பியதாகவோ புரளியை மூட்டியதாகவோ சான்றில்லை.

3. களப்பணி

ஆய்வுக்களம், திருவண்ணாமலையின் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை. காலம், பௌர்ணமி இரவு. நிருதி லிங்கத்தருகே அன்னதானப் பந்தலில் ஒருவர், "வடை தீந்துபோச்சு" என்றார். இது செய்தி. வருண லிங்கத்தை எட்டும்போது அது, "சாப்பாடே தீந்துபோச்சாம்" என்று வளர்ந்திருந்தது. அடி அண்ணாமலை டீக்கடையில் சுக்குக் காபிக்காக நின்ற பெரியவர் பக்கத்திலிருந்தவரிடம் முடித்துவைத்தார்:

"இனிமே கிரிவலத்துல அன்னதானமே கெடையாதாம்பா. மேலேர்ந்து உத்தரவாம்."

சொன்னவர் கையில் தொன்னை நிறையச் சுடுபொங்கல். கேட்டவரும் அதைப் பார்த்துக்கொண்டே, "அப்படியா!" என்றார்.

4. கோட்பாடு

'வதந்தி' என்ற வடசொல்லுக்கு, 'சொல்கிறார்கள்' என்றே பொருள். யார் என்று கேட்பது மரபன்று. தமிழுக்கு அத்தனை பெரிய சொல்லும் தேவைப்படவில்லை. வினையின் வாலில் ஓர் 'ஆம்' போதும். அது ஒட்டியிருக்கும்வரை சொன்னவருக்குப் பொறுப்பில்லை; கேட்டவருக்கு ஆதாரம் வேண்டியதில்லை.

ஆபத்து, அந்த 'ஆம்' உதிரும்போதுதான். 1995 செப்டம்பர் 21 அன்று 'பிள்ளையார் பால் குடிக்கிறாராம்' என்று டெல்லியில் கிளம்பியது, அன்றே நாடெங்கும் பரவிக் கடலும் தாண்டி, 'குடிக்கிறார், நானே கொடுத்தேன்' என்று ஆனது. பரப்பு இழுவிசை என்று விஞ்ஞானிகள் விளக்கினார்கள். ஸ்பூனோடு போய்ச் சோதித்தும் காட்டினார்கள்.

5. முடிவு

இக்கோட்பாட்டின் மூத்த சான்று, இம்மலையின் தலபுராணமே. அன்னமாகப் பறந்த பிரம்மன், சோதியாய் நின்ற சிவனின் முடியைக் 'கண்டேன்' என்றார்; தாழம்பூ அதற்குப் பொய்ச்சாட்சி சொன்னது. அவருக்குப் பூவுலகில் கோயிலில்லாமல் போயிற்று. தாழம்பூ சிவபூஜையிலிருந்து தள்ளப்பட்டது. அடி அண்ணாமலைக் கோயிலின் லிங்கத்தை நிறுவியவரும் அதே பிரம்மன்தான் என்பது ஐதிகம். 'முடி தெரிந்ததாம்' என்று மட்டும் சொல்லியிருந்தால் வழக்கே எழுந்திராது. ஓர் 'ஆம்' போடத் தெரியாதவருக்கு நான்கு வாய் இருந்து என்ன பயன்?