ஹேண்டிகேப் குறைப்புப் படலம்

ஐம்பதைத் தாண்டிய மனிதனுக்குக் குறைக்க வேண்டிய எண்கள் ஏராளம். எடை, கொலஸ்ட்ரால், ரத்த அழுத்தம், வீட்டுக் கடன் பாக்கி. இவற்றில் ஒன்றைக்கூடக் குறைக்க முயலாதவர்கள் எங்கள் கிளப்பில் ஓர் எண்ணுக்காக மட்டும் விடியற்காலையில் எழுந்து, பணத்தையும் கொட்டி, பனியில் நனைகிறார்கள். அந்த எண்ணின் பெயர் ஹேண்டிகேப். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்.

கோல்ஃப் பக்கம் தலைவைத்தும் படுக்காதவர்களுக்காக இரண்டு வரி. பதினெட்டுக் குழிகளையும் 72 அடியில் முடிப்பவர் கெட்டிக்காரர். நூறு அடி அடிப்பவரும் அவரோடு ஆட வேண்டுமே? அதற்காக, ‘இவருக்கு இத்தனை அடி சலுகை’ என்று ஓர் எண்ணை ஒட்டிவிடுகிறார்கள். எண் சிறிதானால் ஆட்டம் பெரிது. உலகத்துக்கெல்லாம் ஒரே கணக்கு என்று 2020இல் கொண்டுவந்தார்கள். அதிகபட்சம் 54. உங்கள் கடைசி 20 ஆட்டங்களில் சிறந்த எட்டை மட்டும் எடுத்துச் சராசரி பார்ப்பார்கள். மீதிப் பன்னிரண்டும் கிணற்றில் போட்ட கல். மூன்று மாதச் சர்க்கரையைப் பார்க்கும் டாக்டர் என்றைக்காவது கல்யாண விருந்து நாள்களைக் கழித்துக்கொண்டு கணக்குப் பார்த்திருக்கிறாரா?

இந்தப் பெருந்தன்மையில் ஒரு வில்லங்கமும் உண்டு. எண் சொல்வது உங்கள் நல்ல நாளை. மற்ற நாள்களில் அந்த எண்ணுக்கு நீங்கள் ஆடவே முடியாது. கிளப்பில் எல்லோரும் எப்போதும் ஏமாற்றத்தோடு வீடு திரும்புவதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

என் எண் 28ஆக இருந்தபோது பயிற்சியாளரிடம் போனேன். என் மகன் வயதுப் பையன். மட்டையைப் பிடித்திருந்த என் கைகளைச் சற்று நேரம் பார்த்தான். “சார், பிடி நல்லா இருக்கு. மண்வெட்டிக்கு” என்றான். பிடியை மாற்றினான். நிற்கும் விதத்தை மாற்றினான். தோளைத் திருப்பச் சொன்னான், இடுப்பைத் திருப்பாதே என்றான். அந்த மாதம் என் எண் ஏறியது. “முதல்ல கொஞ்சம் ஏறும் சார், அப்புறம் இறங்கும்” என்றான். பங்குச் சந்தைத் தரகர் ஒருவர் என்னிடம் இதையே மறுதிசையில் சொல்லியிருக்கிறார்.

என் வியாதி ஸ்லைஸ். பந்து நேராகக் கிளம்பி, பாதி வழியில் ஏதோ ஞாபகம் வந்ததுபோல வலப்பக்கம் திரும்பிக் காட்டுக்குள் போய்விடும். மட்டை வீசும் திசையில்தான் பந்து கிளம்பும், ஆகவே வீச்சைத் திருத்து என்று பல தலைமுறைப் பயிற்சியாளர்கள் போதித்துவந்தார்கள். பிறகு ரேடார் கருவிகள் வந்து பார்த்தால், பந்து பெரும்பாலும் மட்டையின் முகம் பார்க்கும் திசையில் கிளம்புகிறது. வீச்சுக்கும் முகத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் அதை வளைக்கிறது. பையன் இதை எனக்குத் திரையில் போட்டுக் காட்டினான். இத்தனை வருஷம் தவறான இடத்தைத் திருத்திக்கொண்டிருந்த மூத்த உறுப்பினர்களிடம் சொன்னேன். யாரும் நம்பவில்லை. அவர்கள் பந்தும் நம்பாமல் காட்டுக்குள்ளேயே போய்க்கொண்டிருக்கிறது.

அடுத்தது பயிற்சி. பயிற்சித் திடலில் என்னைப் பார்த்தால் நீங்கள் ஆட்டோகிராஃப் கேட்பீர்கள். ஒரே மட்டை, ஒரே இலக்கு, ஒரு கூடைப் பந்து. பத்தாவது பந்துக்குமேல் எல்லாம் அம்பு மாதிரி போகும். அங்கே விரித்திருக்கும் பாய் ஒரு முகஸ்துதிக்காரன்: பந்துக்கு முன்னால் தரையில் அடித்தாலும் மட்டை வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தைத் தூக்கிவிடும். புல்தரையில் அதே அடிக்கு ஒரு கைப்பிடி மண் பந்தைவிடத் தூரமாகப் போகும். ஷே, மார்கன் என்ற இரு ஆய்வாளர்கள் பழகும் விதத்தைப் பற்றி 1979இலேயே ஒரு விஷயம் கண்டு சொன்னார்கள். ஒன்றையே திரும்பத் திரும்பப் பழகுபவர் பழகும்போது ஜொலிப்பார். கலந்து கலந்து பழகுபவர் தடுமாறுவார், ஆனால் பிற்பாடு சோதித்தால் இவர்தான் ஜெயிப்பார். அதைப் படித்த பிறகு ஒவ்வொரு பந்துக்கும் மட்டையையும் இலக்கையும் மாற்றி அடிக்க ஆரம்பித்தேன். இப்போது யாரும் ஆட்டோகிராஃப் கேட்பதில்லை.

குழிக்கு அருகே உருட்டும் வித்தையை மட்டும் பழகினால் போதும், மற்றதெல்லாம் தானாக வரும் என்பது கிளப் பெரியவர்களின் வேதவாக்கு. கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி லட்சக்கணக்கான அடிகளைக் கணக்குப் போட்டு, 2014இல் ஒரு புத்தகமே எழுதி, அதைக் கவிழ்த்துவிட்டார். நல்ல ஆட்டக்காரருக்கும் சுமாரானவருக்கும் உள்ள வித்தியாசத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நூறு கஜத்துக்கு அப்பாலிருந்து அடிக்கும் அடிகளில் இருக்கிறதாம். எனக்குப் பிடித்தது அவருடைய இன்னொரு கணக்கு: எட்டடி தூரத்திலிருந்து உருட்டும்போது தொழில்முறை ஆட்டக்காரர்களே பாதிக்குப் பாதிதான் போடுகிறார்கள். அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன்.

இவ்வளவு சொன்னாலும், என் எண் உண்மையில் இறங்கியது என் மட்டைப் பை தூக்கும் பெரியவரால்தான். ஒருநாள் பந்து மரக்கூட்டத்துக்குள் நின்றது. இரண்டு மரங்களுக்கு நடுவே ஓர் இடுக்கு. அதற்கு அப்பால் கொடி தெரிந்தது. நான் பெரிய மட்டையைக் கேட்டேன். பெரியவர் சின்ன மட்டையை நீட்டி, பக்கவாட்டில் புல்வெளியைக் காட்டினார்.

“ஏன், அந்த இடுக்குல போகாதா?”

“போகும் சார். டைகர் உட்ஸ் அடிச்சா போகும். ஆனா அவரு பந்து இங்க வராது.”

பை தூக்குபவர்தானே என்று லேசாக எண்ணிவிடாதீர்கள். அலி ஷேர் டெல்லியில் பை தூக்கிக்கொண்டிருந்தவர். 1991இல் இந்தியன் ஓப்பனை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் அவர்தான். 2009இல் அதே பட்டத்தை வென்ற முனியப்பாவும் பெங்களூரில் பை தூக்கி வளர்ந்தவர். அடுத்தவர் ஆட்டத்தை வருஷக்கணக்கில் பக்கத்திலிருந்து பார்த்தவர்களுக்கு, எது முடியும் எது முடியாது என்பது நன்றாகத் தெரியும். பார்க்கப் போனால், பையனுக்குக் கொடுத்த கட்டணத்தில் பாதி பெரியவருக்குப் போயிருக்க வேண்டும். நான் பக்கவாட்டில் அடிக்கப் பழகினேன். எட்டு, ஒன்பது என்று எழுதிய குழிகளில் ஆறு, ஏழு என்று எழுதினேன். எண் 21க்கு வந்தது.

வீட்டில் சொன்னேன். “ஏங்க, குறைஞ்சா நல்லதா, கூடினா நல்லதா?” என்றாள் மனைவி. குறைந்தால் நல்லது என்றேன். “அப்ப அந்தக் கப்பு ஏன் நின்னுபோச்சு?”

நியாயமான கேள்வி. 28ஆக இருந்தவரை, சலுகையைக் கழித்துப் பார்க்கும் கிளப் போட்டிகளில் எப்போதாவது ஒரு கோப்பை வரும். இப்போது என் ஏழு அடிச் சலுகை பறிபோய்விட்டது. கோப்பை, பாய் விரித்த திடலைவிட்டு நகராத, எண் இன்னும் முப்பதில் நிற்கும் நண்பர் வீட்டு ஷோகேஸில் இருக்கிறது. எண்ணைக் குறைக்கப் பயிற்சியாளரைத் தேடிக்கொண்டிருக்கிறீர்களா? போங்கள், தாராளமாகச் சேருங்கள். ஆனால் இந்த வருஷக் கோப்பைப் போட்டி முடிந்தபிறகு சேருங்கள்.